வெளிச்சம் பேசும் விலை

பழைய வீட்டை விற்க நினைப்பவர்களுக்குக் கைகொடுக்கும் மலிவான வழி விளக்கு. ஆனால் அது காட்டுவதும் உண்டு, மறைப்பதும் உண்டு.

பெங்களூருவின் நடுத்தர வர்க்க வீட்டை இரண்டே எண்களில் சொல்லிவிடலாம்: 30-க்கு 40. லேஅவுட்களில் பரவலாகக் கிடைக்கும் 1,200 சதுர அடி மனை அது. அதில் இரண்டு மூன்று தளங்கள் எழும்பியிருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரோ கைக்கெட்டும் தூரத்தில். ஜன்னலைத் திறந்தால் வானத்துக்குப் பதில் சுண்ணாம்புதான் தெரியும். தரைத்தளத்தில் நண்பகலிலும் டியூப்லைட் எரியும். குடியிருப்பவருக்கு இது பழகிப்போன விஷயம். வாங்க வருபவர் வாசற்படியிலேயே கவனித்துவிடுகிறார்.

இந்த இருட்டுக்குப் போட்டியாக நிற்கிறது அடுக்குமாடி நிறுவனங்களின் மாதிரி ஃப்ளாட். கூரையில் மறைவிளக்கு, படங்களுக்கு மேல் குறுவிளக்கு, சமையல் மேடையில் நிழலே விழாத வெளிச்சம். அதைப் பார்த்துவிட்டு வருபவருக்கு 20 வருட வீடு குகைபோலத் தோன்றினால் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் வீட்டை அழகுபடுத்திக் காட்டுவதே தனித் தொழில். இங்கே அந்த வேலையில் பெரும்பகுதியைச் சில பல்புகளே செய்துவிடும்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஜன்னல் கண்ணாடியையும் கொசுவலையையும் கழுவுவது, கனத்த திரைச்சீலையைக் கழற்றுவது, ஜன்னலை அடைத்து நிற்கும் பீரோவை நகர்த்துவது. மாடிப்படிக்கு மேலே கண்ணாடிக் கூரை இருந்தால் அதன் தூசியைத் துடைப்பது மிக முக்கியம். பெங்களூரு 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். பக்கச் சுவர்கள் மறைத்தாலும் மேலிருந்து வரும் வெளிச்சத்தை யாரும் தடுக்க முடியாது.

அடுத்தது பல்பு. 9 வாட் எல்.இ.டி. ஒன்று பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை, அதாவது சுமார் 800 லூமெனை, தாராளமாகத் தரும். பலர் கோட்டைவிடுவது நிறத்தில்தான். பெட்டியில் அச்சிட்ட கெல்வின் எண் 2,700 அல்லது 3,000 என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி. 6,500 என்றால் நீலம் பாய்ந்த வெண்மை. படுக்கையறைக்கும் சிவப்பு ஆக்சைடு தரைக்கும் தேக்கு மரக் கதவுக்கும் முன்னது அழகு. சமையலறைக்கு நடுநிலையான 4,000 போதும். ஒரே அறையில் இரண்டையும் கலந்தால் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும். செல்போனில் எடுக்கும் படத்தில் இன்னும் மோசமாகத் தெரியும். இணையத்தில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் நேரில் வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். ஒரே விளக்கை உச்சியில் மாட்டி அறை முழுவதையும் சமாளிப்பதைவிட, மூலைக்கொன்றாகப் பிரித்து வைத்தால் சின்ன ஹாலும் பெரிதாகத் தோன்றும்.

மின்வெளிச்சம் இந்த ஊருக்கு நேற்று வந்ததல்ல. சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து தயாரான மின்சாரம் 1902-ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. 1905-ல் பெங்களூரு வீதிகளில் விளக்குகளை எரிய வைத்தது. பழைய வீடுகளில் வயரிங்கும் பழசாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். புதிய விளக்கு மாட்டும் முன் எலெக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதிக்கச் சொல்வது நல்லது. மினுமினுக்கும் விளக்கு, வாங்க வந்தவர் மனதில் வேறு சந்தேகங்களையும் கிளப்பிவிடும்.

வாங்குபவரின் நிலைமை வேறு. பெரும்பாலானவர்களுக்கு இது வாழ்நாளின் மிகப் பெரிய செலவு. 20 ஆண்டுத் தவணைக் கடன். அலுவலகம் முடிந்து இரவு 7 மணிக்கு வீடு பார்க்கப் போனால் விளக்கு காட்டுவதைத்தான் பார்க்க முடியும். சுவருக்கு நேர் எதிரே விழும் ஒளி மேடுபள்ளத்தை மறைத்துவிடும். அதே சுவரை ஒட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஓதம் ஏறிய இடமும் உரிந்து பூசிய பூச்சும் வெளிப்பட்டுவிடும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்தும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவரே சொல்லியாக வேண்டும். ஆனால் கவனித்துப் பார்த்தால் தெரியக்கூடிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அது வாங்குபவரின் கண்ணைப் பொறுத்தது.

எனவே விற்பவர் எல்லா விளக்கையும் போட்டுவைத்துக் காத்திருக்கட்டும், அதில் தவறில்லை. வாங்குபவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடி வந்து, அத்தனை சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்க்கட்டும். அட்வான்ஸ் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.