மூலக்கூறுக்கு ஒரு தராசு

2017ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், ஷா ஆலம் உயர்நீதி மன்றம் ஒரு நாள் தன் அறையை விட்டுப் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள இரசாயன இலாகாவின் ஆய்வுக்கூடத்துக்கே இடம் பெயர்ந்தது. நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் முகமூடி அணிந்து அங்கே போய் நின்றனர். அவர்கள் பார்க்கப்போன தடயப் பொருள்கள் நஞ்சு தோய்ந்தவை; நீதிமன்றத்துக்கு எடுத்துவர அஞ்ச வேண்டியவை. அவற்றில் என்ன நஞ்சு இருந்தது என்று கண்டு சொன்னவர் அந்த இலாகாவின் இரசாயன ஆயுதப் பகுப்பாய்வு நிலையத் தலைவர் டாக்டர் இராஜா சுப்ரமணியம். அவருக்குத் துணை நின்ற கருவியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

வழக்கின் வரலாறு பலருக்கும் நினைவிருக்கும். அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள் காலை, கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், வட கொரியத் தலைவரின் ஒன்றுவிட்ட சகோதரர் கிம் ஜோங் நாமின் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ தடவிச் சென்றனர். சற்று நேரத்தில் அவர் தளர்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. உடலில் காயம் ஏதுமில்லை. பதினோரு நாள் கழித்துப் போலீசார் அந்த நஞ்சின் பெயரை வெளியிட்டனர்: வி.எக்ஸ்.

காயமில்லாத உடலிலிருந்து அப்பெயர் எப்படி வந்தது? அதற்கு விடை சொல்வதுதான் நிறை நிறமாலைமானி. அது ஒரு தராசு. ஆனால் அதில் தட்டு இல்லை, படிக்கல்லும் இல்லை. பொருளை ஆவியாக்கி, அதன் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, வெற்றிடத்தில் ஓடவிடுகிறார்கள். வழியில் காந்தமோ மின்புலமோ குறுக்கிடும். இலேசானது அதிகம் வளையும். கனமானது குறைவாக வளையும். நெல்லையும் பதரையும் முறம் பிரிப்பது போல, எடை வாரியாக அவை பிரிந்துபோகின்றன. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் தொடங்கிய இந்த வேலையை அவர் மாணவர் ஆஸ்டன் 1919இல் செம்மையாக்கினார். 20.2 என்று எல்லாப் பாட நூல்களிலும் எழுதியிருந்த நியான் அணுவின் நிறை, உண்மையில் 20 ஒன்றும் 22 ஒன்றுமாகக் கலந்த கலவையின் சராசரியே என்று அவர் கருவி உறுதி செய்தது. 1922இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எடை மட்டும் தெரிந்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது. தமிழாசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. மாணவனிடம் 'நடந்தனன்' என்ற சொல்லைக் கொடுத்தால் அவன் அதைப் பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்துக் காட்டுகிறான். உறுப்புகளைக் கண்டபின் சொல்லைப் பற்றி ஐயமில்லை. இக்கருவியும் பகுபத உறுப்பிலக்கணமே படிக்கிறது. விரைந்து வரும் எலெக்ட்ரான்களால் மூலக்கூறை அடித்து உடைக்கிறது. மண்பானை உடைவது போலக் கண்டபடி உடையாது. பிணைப்பு எங்கே தளர்ந்ததோ அங்கே உடையும். ஆகையால் ஒரே நிலைமையில் ஒரே பொருள் எந்த நாட்டில், எந்த நாளில் உடைந்தாலும் துண்டுகள் ஏறக்குறைய அதே அளவில்தான் விழும். வி.எக்ஸ். மூலக்கூறின் நிறை 267. உடைத்தால் அந்த 267 அநேகமாகக் கண்ணில் படாது. 114 என்ற இடத்தில் ஒரு பெரிய துண்டும், 72, 127 முதலிய இடங்களில் சிறியனவும் நிற்கும். அந்த வரிசையே அதன் கைரேகை.

இரத்தத்திலும் துணியிலும் ஆயிரம் பொருள்கள் கலந்திருக்குமே என்பது அடுத்த ஐயம். அதனால்தான் முதலில் பல மீட்டர் நீளமுள்ள, மயிரிழை போன்ற குழாயில் கலவையைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளிவந்து தராசில் ஏறும். வெளிவரும் நேரமும் பொருந்த வேண்டும், துண்டுகளும் பொருந்த வேண்டும், அவற்றின் விகிதமும் பொருந்த வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் நேர்மையான பகுப்பாய்வாளர் பெயர் சொல்லமாட்டார்.

இறந்தவரின் முகத்தோலில் இருந்த நஞ்சு, கொல்லும் அளவைப் போல் 1.4 மடங்கு என்று டாக்டர் இராஜா சாட்சியம் அளித்தார். பெண்களில் ஒருத்தியின் நகத் துணுக்குகளிலும் மற்றவளின் மேற்சட்டையிலும் அந்நஞ்சின், அல்லது அது சிதைந்து விட்டுப்போன பொருள்களின், தடயங்கள் இருந்தன. சிதைவுப் பொருள் என்பது இங்கே சிறிய செய்தியன்று. நஞ்சு கழுவப்பட்டிருக்கலாம், நீர் பட்டுக் கெட்டிருக்கலாம். அது போன வழியில் கிடக்கும் துண்டு போகாமல் இருந்தாலே போதும்.

இந்த நஞ்சின் பிறப்பு தோட்ட மக்கள் அறிந்துகொள்ள வேண்டியது. 1950களில் பிரிட்டனில் பூச்சி மருந்து தேடிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்த குடும்பம் இது; அந்த ஆராய்ச்சியில் முன் நின்றவர்களில் ஒருவர் ரணஜித் கோஷ். கொசுவுக்குப் புகை அடிக்கும் மாலத்தியானும் இதற்குத் தூரத்து உறவு. நரம்பின் கட்டளை முடிந்ததும் அதை அணைக்கும் நொதியை இவ்வினம் முடக்குகிறது. தசைகள் ஓயாமல் துடித்து மூச்சு நிற்கிறது. மருந்து தெளித்த கையைக் கழுவாமல் சோறு உண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

கருவி சொல்லாததும் ஒன்று உண்டு. தொலைக்காட்சிக்கான வேடிக்கை என்று நம்பியே செய்ததாகப் பெண்கள் இருவரும் சொன்னார்கள். மனத்தில் இருந்ததை எடை போடும் தராசு எந்த இலாகாவிலும் இல்லை. 2019 மார்ச்சில் ஒருத்தி விடுவிக்கப்பட்டாள். மற்றவள் காயம் விளைவித்ததாக ஒப்புக்கொண்டு, தண்டனைக் காலம் முடிந்து அவ்வாண்டு மே 3ஆம் நாள் வெளியேறினாள்.

கொலை வழக்குக்கு மட்டும் பிறந்த கருவியன்று இது. மருத்துவ ஆய்வுக்கூடங்களில், குழந்தையின் குதிகாலில் குத்தித் தாளில் ஒற்றிய இரத்தத் துளியைக் கொண்டு, உணவுச் சத்தைச் செரிக்க முடியாத பிறவிக் குறைகளை இதே முறையில் தேடுகிறார்கள். காலத்தோடு கண்டால் உணவு மாற்றத்தாலேயே காக்கக்கூடிய குழந்தைகள் உண்டு.

தமிழ் படித்தவர்களுக்கு நெருக்கமான பயன் கீழடியில் கிடைத்தது. உயிருள்ள பொருளில் ஒரு இலட்சம் கோடிக் கரியணுக்களுக்கு ஏறக்குறைய ஒன்று 14 என்ற நிறையுடையது. உயிர் போனபின் 5730 ஆண்டில் அது பாதியாகும். எஞ்சியதை எண்ணினால் காலம் தெரியும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனுக்கும் நிறை 14தான். தாமரை என்பது பூவாகவும் நிற்கும், தா மரை என்று தாவும் மானாகவும் பிரியும். இலக்கணம் இதைப் பொதுமொழி என்னும். அணுக்களின் இப்பொதுமொழியை எப்படிப் பிரிப்பது? எதிர் மின்னூட்டம் ஏற்றினால் கரி அதைத் தாங்கும், நைட்ரஜன் தாங்காது. தொடக்கத்திலேயே அது கழிந்துவிடும். பிறகு முடுக்கியில் விரைவுபடுத்தி, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். முன்பெல்லாம் கிராம் கணக்கில் கரி வேண்டியிருந்தது. இப்போது மில்லிகிராம் போதும். கீழடியிலிருந்து அமெரிக்காவின் மயாமி நகர ஆய்வுக்கூடத்துக்குப் போன கரித்துண்டுகளில், 353 செண்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது கி.மு. 580 என்று வந்தது. தமிழகத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் அதை வெளியிட்டது.