பிரிட்டனின் காட்டு ஆர்க்கிட்களைத் தேடி

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இயற்கையாக வளரும் ஆர்க்கிட் இனங்கள் ஐம்பதைச் சற்றே தாண்டும். மரக்கிளைகளைப் பற்றி வளரும் வெப்பமண்டல ஆர்க்கிட்களைப் போலன்றி, இவை எல்லாமே தரையில் வளர்பவை. பல இனங்கள் புல்லோடு புல்லாக ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். இவற்றைத் தேடிப் பார்ப்பதும், இனம் காண்பதும், குறித்து வைப்பதும் அங்கு நெடுங்காலமாகத் தொடரும் பொழுதுபோக்கு. தொழில்முறைத் தாவரவியலாளர்களுக்கு இணையாக ஆர்வலர்களும் இத்துறைக்குப் பங்களித்திருக்கிறார்கள்.

தேடலுக்கு முதலில் வேண்டியது இடமும் காலமும் பற்றிய அறிவு. ஏப்ரல், மே மாதங்களில் காடுகளிலும் புல்வெளிகளிலும் ஊதா நிற ஆர்க்கிட்கள் தலைகாட்டும். ஜூனில் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மண் குன்றுகள் களைகட்டும். உரமிடாமல் ஆடு மாடு மேய்ந்து குட்டையாக இருக்கும் புல்வெளிகளில்தான் பல இனங்கள் செழிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சிறு வெண்பூக்கள் சுருளாக அடுக்கிய இனம் பூக்கும்.

ஆர்க்கிட்டை அடையாளம் காணப் பூவின் அமைப்பைப் பார்க்க வேண்டும். வெளிவட்டத்தில் மூன்று புல்லிகள், உள்வட்டத்தில் மூன்று இதழ்கள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் உதடுபோல வேறு வடிவம் கொண்டிருக்கும். ஆண், பெண் உறுப்புகள் ஒரே தூணாக இணைந்திருக்கும். மகரந்தம் தூளாக உதிராமல் சிறு கட்டிகளாகத் திரண்டிருக்கும். உதட்டின் வடிவம், புள்ளிகள், பின்புறக் குழல், இலைப்புள்ளிகள் ஆகியவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் பெரும்பாலான இனங்களைப் பிரித்தறியலாம். டாக்டைலோரைசா பேரினம் மட்டும் அனுபவசாலிகளையும் திணறடிக்கும். அதன் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்து கலப்பினங்களை உண்டாக்குவதே காரணம்.

பூவின் இயக்கத்தையும் கவனிக்கலாம். சார்லஸ் டார்வின் கென்ட் மாவட்டத்தில் தம் வீட்டருகே வளர்ந்த ஆர்க்கிட்களை ஆராய்ந்து, 1862-இல் அவற்றின் மகரந்தச் சேர்க்கை பற்றித் தனி நூல் வெளியிட்டார். கூராகச் சீவிய பென்சிலைப் பூவுக்குள் நுழைத்தால் மகரந்தக் கட்டிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ அரை நிமிடத்தில் அவை முன்னோக்கி வளைந்து, அடுத்த பூவின் சூலகமுடியில் சரியாகப் படும் நிலைக்கு வந்துவிடும். பூச்சியின் தலையில் நடப்பதையே டார்வின் பென்சிலில் காட்டினார். தேனீ ஆர்க்கிட் இதற்கு மாறானது. பிரிட்டனில் அதன் கட்டிகள் காம்போடு தொங்கி, காற்றில் அசைந்து, அதே பூவிலேயே சேர்க்கையை முடித்துவிடும்.

மகரந்தச் சேர்க்கை பற்றிய பெரிய புதிர் ஒன்றை விடுவித்தவர்களும் ஆர்வலர்களே. சில ஆர்க்கிட்கள் பெண் பூச்சியைப் போலத் தோற்றமும் மணமும் காட்டி ஆண் பூச்சிகளை ஏமாற்றுகின்றன. அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த புயான் இதைக் கண்டறிந்து எழுதிய கட்டுரை 1916-இல் வெளியானது. ஆஸ்திரேலியாவில் ஈடித் கோல்மன் என்ற இயற்கை ஆர்வலர் 1927-இல் அந்நாட்டு ஆர்க்கிட் ஒன்றில் இதே தந்திரத்தைப் பதிவு செய்தார்.

ஆர்க்கிட் விதை தூசு போன்றது. உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் உரிய பூஞ்சை உணவூட்டினால்தான் முளைக்கும். பூக்கும் பருவத்தை எட்டச் சில இனங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ந்த செடியும் சில ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிவிடலாம். ஆகவே ஓராண்டு தென்படாததை அழிந்ததாகக் கருத முடியாது. பேய் ஆர்க்கிட்டுக்கு இலையும் பச்சையமும் இல்லை. முழுக்கப் பூஞ்சையை நம்பியே வாழ்கிறது. பிரிட்டனில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அது, 2009-இல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் ஓர் ஆர்வலரின் கண்ணில் பட்டது. படைவீரன் ஆர்க்கிட்டும் அப்படித்தான்; 1947-இல் பக்கிங்ஹாம்ஷயரில் அதை மீண்டும் கண்ட லூஸ்லி, வங்கியில் வேலை பார்த்தவர்.

பார்த்த இனம், தேதி, இடம், செடிகளின் எண்ணிக்கை, அருகிலுள்ள தாவரங்கள் ஆகியவற்றைக் குறித்தால் அந்தத் தேடல் ஆய்வாகிறது. பழைய உலர்தாவரச் சேகரிப்புகளையும் களக்குறிப்புகளையும் ஒப்பிட்டு, வசந்த கால வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு சிலந்தி ஆர்க்கிட் ஏறத்தாழ ஆறு நாள் முன்னதாகவே பூக்கிறது என ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

செடியைத் தோண்டி எடுத்துச் சென்ற பழக்கம் பல இனங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் பிரிட்டனில் 1917-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 1930-இல் யார்க்‌ஷயரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே செடி இடம் சொல்லாமல் காவல் வைத்துக் காக்கப்பட்டது. கியூ தாவரவியல் பூங்கா பின்னர் விதையிலிருந்து நாற்று வளர்த்துக் காட்டில் நட்டது. நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவதை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. படத்துக்காகச் சுற்றியுள்ள புல்லை அகற்றுவதும், மொட்டுகளையும் நாற்றுகளையும் மிதிப்பதும், அரிய இனத்தின் இடத்தைப் பரப்புவதும் செடிக்குக் கேடு. லென்ஸும் குறிப்பேடும் கொண்டு, செடியைத் தொடாமல் திரும்புபவரே நல்ல ஆர்க்கிட் ஆர்வலர்.