உங்களுக்குத் தெரியுமா?

திருச்சி புனித வளனார் கல்லூரி திருச்சியில் பிறந்ததே அல்ல! 1844இல் இயேசு சபைத் துறவிகள் அதைத் தொடங்கியது நாகப்பட்டினத்தில். மலைக்கோட்டைப் பக்கம் குடிவந்தது 1883இல்தான்.

• ஐம்பதுகளில் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர் இங்கே ஹாஸ்டலில் தங்கி இயற்பியல் படித்தார்: அப்துல் கலாம். அதே காலத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைத் தாண்டி வந்து அதே பாடத்தைப் படித்தவர் எழுத்தாளர் சுஜாதா. அப்புறம் இருவரும் போய்ச் சேர்ந்ததும் ஒரே இடம்தான், குரோம்பேட்டை எம்.ஐ.டி.

• உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் தாவரக் காப்பகம் ஒன்றும் இங்கே உண்டு. பெயர் 'ராபினா'. அந்தப் பெயருக்குரியவர் ஒரு பிரெஞ்சு இயேசு சபைத் துறவி.

• தெப்பக்குளம் பக்கம் போனால் நிமிர்ந்து பாருங்கள். அந்த உயரமான லூர்து அன்னை ஆலயக் கோபுரம் இந்தக் கல்லூரியோடு சேர்ந்ததுதான்.