கோட்டைப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே ஒரு வடகோடி! சொகுசுக் கப்பலும் விசைப்படகும் போய்ச் சேரும் காங்கேசன்துறை

காலையில் கப்பல் வந்து நிற்கும். சாயங்காலம் புறப்பட்டுவிடும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஊரைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். சொகுசுக் கப்பல் பயணத்தில் இதற்குப் பெயர் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்', அதாவது கரைச் சுற்றுலா. கப்பலுக்குள் நீச்சல் குளம், பாட்டு, பஃபே என்று எல்லாம் இருந்தாலும், வீடு திரும்பியபின் வாய் ஓயாமல் பேசுவது இறங்கிப் பார்த்த ஊரைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டிலிருந்து அப்படி ஒரு கப்பல் 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது. கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. 11 தளங்கள், சுமார் 1,800 பேர் பயணிக்கலாம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள் பட்டியலில் இருந்தன. ஜூன் 16 அன்று அது முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்தது.

காங்கேசன்துறை இலங்கையின் வடகோடிக் கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் பருத்தித்துறை. அதோடு அந்தத் தீவின் வடக்கு முடிந்துவிடும். ஆனால், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் மேப்பைத் திறந்து பார்த்தால் ஓர் ஆச்சர்யம் காத்திருக்கிறது. இலங்கை என்றாலே தெற்கே எங்கேயோ இருக்கிறது என்றுதான் நினைப்போம். கோட்டைப்பட்டினம் கடற்கரையில் நின்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்தால், கிட்டத்தட்ட நேர் எதிரே காங்கேசன்துறை. இடையில் கடல், சுமார் 90 கி.மீ. சென்னை அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் தூரம்!

அப்படியிருக்க, அங்கே போய் இறங்க சென்னைக்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பல் ஏற வேண்டியிருக்கிறது. காரணம் எளிது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி பக்கமெல்லாம் கரையோரம் சேறும் சகதியும்தான். பெரிய கப்பல் கிட்டவே வர முடியாது.

இறங்கினால் என்ன பார்க்கலாம்?

துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி கீரிமலை. கடல் அலை மோதும் சுவருக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊற்றுக் கேணி. அருகிலேயே நகுலேஸ்வரம் கோயில், இலங்கையின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. குதிரை முகத்தோடு இருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி முகம் மாறியதாகவும், அந்த நன்றிக்கு மாவிட்டபுரத்தில் முருகன் கோயில் எழுப்பியதாகவும் கதை. அந்தக் காங்கேயன் சிலை தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கிய துறை என்பதால்தான் காங்கேசன்துறை என்று பெயராம். கதைப்படி பார்த்தால், இந்தக் கரைக்கு முதல் சுற்றுலா வந்தவரே நம் ஊர்ப் பெண்தான்.

அங்கிருந்து யாழ்ப்பாணம் நகரம் இருபது கி.மீ.க்குள். நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். 1618-ல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கி, பிறகு டச்சுக்காரர்கள் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டிய கோட்டையைச் சுற்றி வரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பொது நூலகம். 1981-ல் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன அதே இடம். திரும்பக் கட்டி, 2003-ல் திறந்தார்கள். செல்ஃபி எடுக்கும் முன் இரண்டு நிமிடம் உள்ளே போய் நின்றுவிட்டு வரலாம்.

மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். 'கதைக்கிறது' என்றால் பேசுவது, 'வெளிக்கிடுறது' என்றால் புறப்படுவது. இந்த இரண்டு தெரிந்தால் போதும். பனங்கட்டி வாங்க மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால், பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாக ஆட்டோ பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுவது நல்லது.

அதே துறைமுகம், வேறு விருந்தாளிகள்

கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் காங்கேசன்துறை என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் சுற்றுலா ஞாபகம் வராது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடிக்கும் விசைப்படகுகளைக் கொண்டுபோய் நிறுத்தும் இடங்கள் காங்கேசன்துறையும் பக்கத்திலிருக்கும் மயிலிட்டியும். பிறகு நீதிமன்றம், யாழ்ப்பாணம் சிறை. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஊர் ஒரு தொலைபேசிச் செய்தியாக மட்டுமே தெரியும். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு கடற்படைக் கப்பலுடன் மோதி மூழ்கியதில் நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு படகு மூழ்கி, கோட்டைப்பட்டினம் மீனவர் ஒருவர் இறந்தார்.

அந்தக் கரை மீனவர்களுக்கும் வருத்தம் உண்டு. போர் முடிந்து, 2017-ல்தான் மயிலிட்டித் துறைமுகம் அவர்கள் கைக்குத் திரும்பியது. நம் இழுவைமடி வலைகள் தங்கள் வலைகளை அறுத்துப் போகின்றன, கடலடியைச் சுரண்டிவிடுகின்றன என்பது அவர்களின் புகார். இழுவைமடியை இலங்கை 2017-லேயே தடை செய்துவிட்டது. ஒரே மொழி பேசும் இரண்டு கரைக்காரர்கள் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் நடுக்கடல் சண்டையில்தான் என்பது கொடுமை.

நார்வேயில் எப்படி?

உலகத்தின் வடகோடிக் கடலோரப் பயணத்துக்குப் பேர்போன நாடு நார்வே. அங்கே 1893-ல் தொடங்கிய 'ஹூர்டிரூட்டன்' கப்பல் சேவை, பெர்கன் முதல் கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களில் நின்று போகிறது. ஹோனிங்ஸ்வோக் என்ற ஊரில் நிற்கும் சில மணி நேரத்தில், பயணிகள் பஸ் பிடித்து 307 மீட்டர் உயர வடமுனைப் பாறைக்குப் போய்வந்துவிடுகிறார்கள். 1907-லேயே சயாம் மன்னர் சூலலாங்கோர்ன் அங்கே போய்ப் பாறையில் பெயர் பொறித்துவிட்டு வந்திருக்கிறார்.

அங்கே கவனிக்க வேண்டியது பாறையைவிடக் கப்பலைத்தான். அது சுற்றுலாக்காரர்களுக்கு மட்டுமானதாகத் தொடங்கவில்லை. தபால், சரக்கு, அடுத்த ஊருக்குப் போகும் உள்ளூர்க்காரர் என எல்லோருக்குமான கப்பலாகவே ஓடியது. கோடையில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகும் சொகுசுக் கப்பலைவிட, இப்படி ஒன்றுதான் பாக் நீரிணைக்கு வேண்டும்.

அதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாள்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் 150 பேர் போகக்கூடிய 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். கோட்டைப்பட்டினத்திலிருந்து கட்டுமாவடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியாக நாகைக்கு ஈ.சி.ஆரில் சுமார் மூன்று மணி நேரம். காலையில் போய் மாலையில் ஓடிவர வேண்டிய அவசரம் இல்லை. இரண்டு நாள் தங்கி, தீவுகளையும் பார்த்துவிட்டு வரலாம்.

பாஸ்போர்ட் கட்டாயம், இலங்கை விசா விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். டிக்கெட் எடுக்கும் முன் இரண்டையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.