கருவிக்கு முன் உரிமம்

ஜோகுபாளையத்தில் நம் அண்டைவீட்டுத் தம்பி துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயில்பவர். சுட்ட தோட்டாக் கூட்டில், தீ மூட்டும் சிறு கிண்ணமாகிய பிரைமரைப் புதிதாகப் பொருத்த, மேசையில் முடுக்கும் கருவிகளுள் எது நன்று என வினவினார்.

நெம்புகோலை அழுத்துங்கால் பிரைமர் அமர்வதைக் கை உணரவேண்டும்; அது கூட்டின் அடிமட்டத்திற்குச் சற்றே உள்ளடங்கவேண்டும்; குழாயில் பலவற்றை அடுக்குவதினும் ஒவ்வொன்றாக இடுவதே விபத்தைக் குறைக்கும் என்றோம்.

ஆயினும், ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் முதலில் புரட்டுவது விதியையே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் உறுப்புகளையும் அதனைச் செய்யும் இயந்திரத்தையும் தோட்டாவோடு சேர்த்தே கணக்கிடுகிறது. உரிமமின்றித் தயாரித்தல் குற்றம். இதனைக் கேட்ட தம்பி விலைப்பட்டியலை மடித்து வைத்தார்.

அன்பர்களே, பிழைக்க வந்த ஊரில் வழக்கில் சிக்கினால் குடும்பமே தள்ளாடும். ஆதலின் உரிமம் முதலில், கருவி பின்னர்!