ஹாலுக்குள்ள அடிக்குது கடல் காத்து... இண்டோர் விண்ட்சர்ஃபிங் நடத்துறது எப்படி?

விருதுநகர், சிவகாசி வெயிலைப் பத்தித் தனியா சொல்லணுமா என்ன? காத்துல ஈரம் குறைவுங்கிறதாலதான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே நிலைச்சு நின்னுச்சு. அப்படிப்பட்ட ஊர்ல, கூரை போட்ட ஹாலுக்குள்ள கடல் விளையாட்டு நடத்தப்போறேன்னு ஒருத்தர் கிளம்பினா?

சிரிக்காதீங்க. பாரிஸ் பெர்சி உள்விளையாட்டு அரங்கத்துல 1990-லேயே நடத்திட்டாங்க. லண்டன் படகுக் கண்காட்சியில 2004-லயும், வார்சா தேசிய ஸ்டேடியத்துல 2014-லயும் நடந்திருக்கு.

பாய் கட்டின பலகை மேல நின்னு, காத்தோட பலத்துல தண்ணியில சீறிப் போறதுதான் விண்ட்சர்ஃபிங். 1984-லேர்ந்து ஒலிம்பிக்லயும் இருக்கு.

முதல்ல தண்ணி

தரையைத் தோண்டத் தேவையில்லை. சுத்தி தற்காலிகச் சுவர் நிறுத்தி, தண்ணி கசியாத ஷீட் விரிச்சா குளம் ரெடி. ஆனா, நிரப்பணுமே! 80 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம்னு வெச்சுக்கோங்க. 24 லட்சம் லிட்டர் வேணும். 12,000 லிட்டர் லாரின்னா 200 நடை. குடத்துக்குக் காசு கொடுத்து தண்ணி பிடிக்கிற தெருவுல இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்க!

அடுத்து காத்து

குளத்தோட நீளமான பக்கத்துல ராட்சத ஃபேன்களை வரிசையா நிறுத்துவாங்க. காரணம், பின்னாலேர்ந்து தள்ளுற காத்தைவிட பக்கவாட்டுக் காத்துலதான் பலகை வேகமா ஓடும். செலவு எகிறுறதும் இங்கேதான். காத்தோட வேகம் 2 மடங்கு ஆகணும்னா, அதுக்கான சக்தி 8 மடங்கு வேணும்.

கடைசியா ஸ்டார்ட்

இடம் சின்னது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல போனா 80 மீட்டரை ஏழே விநாடியில தாண்டிடலாம். மெதுவா வேகம் பிடிக்க நேரமில்லை. அதனால, உயரமான சாய்வு மேடையிலேர்ந்து சறுக்கி இறங்கித்தான் ரேஸைத் தொடங்குவாங்க. தண்ணிக்குள்ள இன்னொரு மேடை வெச்சு, அதுல ஏறித் தாவுற போட்டியும் உண்டு.

நம்ம ஊருக்கு?

அவங்க கரன்ட் செலவு பண்ணி உண்டாக்குற காத்து, ஆடி மாசம் நமக்கு இலவசம். பக்கத்துல கயத்தாறுல சுத்துற காற்றாலைகளே சாட்சி. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில (2023) நம்ம நாட்டு இபாத் அலி விண்ட்சர்ஃபிங்ல வெண்கலம் ஜெயிச்சதும் கடல் காத்துலதான்.

ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசையில நீர் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறாங்க. ஆசை வந்துடுச்சா? அந்த 200 லாரித் தண்ணி ஊருக்கே இருக்கட்டும். நீங்க ராமநாதபுரம் பஸ் ஏறுங்க!