நெடுந்தூரச் சைக்கிள் பயணமும் சர்க்கரைச் சத்தும்



அளவான குடும்பம் மட்டுமே குடும்ப நலம் ஆகிவிடாது. உழைக்கிற உடம்புக்கு ஏற்ற ஆகாரம் வேளாவேளைக்குக் கிடைப்பதும் குடும்ப நலம்தான்.

நம் காவிரிப் பாசனப் பகுதியில் பால், மீன், காய்கறி ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே சைக்கிளில் கிளம்புகிறவர்கள் உண்டு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சைக்கிளிலேயே போகிறவர்களும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 90 கிலோமீட்டர். இப்படி நெடுந்தூரம் மிதிப்பவர் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை இந்த வெளியீடு விளக்குகிறது.

டீ மட்டும் போதுமா?

"என்னங்க, ஒரு வாய் பழையது சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

"வேணாம் புள்ள. டீ குடிச்சாச்சு, அது போதும்."

பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. ஒரு டீயில் 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். அதில் கிடைக்கும் சக்தி 40 கலோரி. சைக்கிளை மிதமான வேகத்தில் மிதிக்க மணிக்கு 300 கலோரிக்கு மேல் செலவாகும். பாரம் ஏற்றினால் இன்னும் அதிகம். கணக்குப் பார்த்தால் டீயில் உள்ள சர்க்கரை பத்து நிமிஷத்துக்குக்கூடக் காணாது.

உடம்பில் உள்ள சேமிப்பு

சோறு, இட்லி, அவல், பழம், வெல்லம் இவற்றில் இருப்பது மாவுச்சத்தும் சர்க்கரைச் சத்தும். ஜீரணமான பின் இவை குளூக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. ஒரு சமயத்தில் ரத்தத்தில் இருக்கும் குளூக்கோஸ் சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். மிச்சத்தை உடம்பு சேமித்து வைக்கிறது.

நெல்லைப் பத்தாயத்திலும் குதிரிலும் கொட்டி வைப்பதுபோல, கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் 300 முதல் 400 கிராம் வரையும் சேமிப்பு இருக்கும். தசையில் இருப்பது அந்தத் தசைக்கு மட்டுமே உதவும். மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ரத்தத்தின் வழியாகச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல் பத்தாயம். ராத்திரி நாம் தூங்கும்போதும் மூளை சர்க்கரையைச் செலவு செய்துகொண்டே இருப்பதால், விடியற்காலையில் அந்தப் பத்தாயம் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

அந்த நேரத்தில் வெறும் வயிற்றோடு இரண்டு மூன்று மணி நேரம் மிதித்தால் என்ன ஆகும்? கால் சோரும். கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். கண் இருட்டும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். பஸ்ஸும் லாரியும் போகும் சாலையில் இப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

எப்போது, எவ்வளவு?

1. கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகச் சாப்பிடுங்கள். பழைய சோறும் நீராகாரமும் போதும். அல்லது 3, 4 இட்லி சாப்பிடலாம்.

2. பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடியுமானால் வழியில் தண்ணீர் மட்டும் போதும்.

3. அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரைச் சத்தோ தேவை. இரண்டு பூவன் பழத்தில் சுமார் 30 கிராம் உண்டு. ஒரு கைப்பிடி அவலும் சிறு துண்டு வெல்லமும் அதே அளவு தரும். பொரி உருண்டையும் நல்லது.

4. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தின்னாதீர்கள். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல, அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பசிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. வடை, பஜ்ஜி எண்ணெய்ப் பண்டங்கள். ஜீரணமாக நேரம் பிடிக்கும். அவற்றை ஊர் போய்ச் சேர்ந்த பின் வைத்துக்கொள்ளுங்கள்.

பானகம் செய்யும் முறை

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், வெல்லம் 50 முதல் 60 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை, எலுமிச்சம்பழம் பாதி. விருப்பம்போல் சுக்கு, ஏலக்காய். கரைத்து வடிகட்டிச் சுத்தமான பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும். வெல்லத்தை அதிகம் போட்டால் வயிற்றில் தங்கிக் குமட்டும். கடையில் விற்கும் கலர் பானங்களில் இதைவிடச் சர்க்கரை அதிகம், விலையும் அதிகம்.

மனைவிக்கும் இதே கணக்கு

சைக்கிள் மிதிப்பது ஆண்களுக்கு மட்டுமா? 1991-இல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். வயலில் குனிந்து நடவு நடுகிற பெண்ணுக்கும் உழைப்பு குறைவில்லை. ஆனால் சமைத்தவள் கடைசியில், மீந்ததைச் சாப்பிடுவதே பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. "நீயும் சாப்பிட்டியா?" என்று கணவன் கேட்க வேண்டும். இருவரும் சாப்பிட்ட பிறகே இருவரும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கர்ப்பிணிகள் ஒரு வேளையும் பட்டினி கிடக்கக் கூடாது. நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் நெடும்பயணம் போக வேண்டாம். மருந்து போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் மிதித்தால் ரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். நடுக்கம், வேர்வை, தடுமாற்றம் கண்டால் உடனே இறங்கி உட்காருங்கள். 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு குடியுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஒரு சந்தேகம்

"அப்படின்னா தினமும் வெல்லம் நிறையச் சாப்பிடலாமா?" கூடாது. இந்தக் கணக்கு நெடுநேரம் உழைக்கிற நாளுக்கு மட்டும். உட்கார்ந்திருக்கிற நாளில் சர்க்கரை மிஞ்சினால் கொழுப்பாகச் சேரும், பல்லும் கெடும். மொபெட்டில் போகிறவருக்கும் இது பொருந்தாது. அங்கே உழைப்பது பெட்ரோல்!

வீடு திரும்பியதும் சோற்றோடு பருப்பு, கீரை, மீன் அல்லது முட்டை சேர்த்து வயிறாரச் சாப்பிடுங்கள். காலியான குதிர் மறுநாளைக்குள் நிரம்பும்.

மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரையோ, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகவும்.

வெறும் வயிற்றோடு மிதிக்காதீர்!
வழிக்கு ஆகாரம் மறக்காதீர்!